ஊற்றாத கஞ்சி

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குப் பெண்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். முடியிலும் புருவத்திலும் கழுத்து மடிப்பிலும் சுக்குத் தூசியும் சுண்ணாம்பும் படிந்து, கல்யாணமான புதிதில் இருக்கிறவள்கூட நரை விழுந்தவள் மாதிரி நடந்து வருவாள். அந்தக் கூட்டத்தில் மாடத்தி யார் என்று கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். யாரிடமாவது சண்டை பிடித்துக்கொண்டு வருகிறவள் மாடத்தி. மேஸ்திரியிடம், குழாயடியில், ரேஷன் கடையில், எங்கேயும் அவளுக்கு ஒரு வழக்கு இருக்கும். அந்த வாய்தான் அவள் குடியைக் கெடுத்தது என்று பிற்பாடு அவள் குடியிருந்த லைனில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்கள் விளங்கவே மாட்டார்கள்.

நான் அப்போது எர்ணாகுளத்தில் வெங்கிடேஸ்வரன் வக்கீலிடம் குமாஸ்தா. பாலக்காட்டிலிருந்து என் தாத்தா காலத்தில் வந்து மட்டாஞ்சேரியில் ஒட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. தினமும் படகில் போய்ப் படகில் வருவேன். பாண்டிக்காரர்கள் என்று ஊரார் சொல்கிற தமிழ்க் கூலிக்காரர்களுக்கு ஏதாவது கேஸ் என்றால் வக்கீல் என்னைத்தான் கூப்பிடுவார். அவர்கள் தமிழ் அவருக்குப் புரியும், அவர் தமிழ்தான் அவர்களுக்குப் புரியாது. மாடத்தி எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

அவளுக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு வறண்ட ஊர். இசக்கிமுத்துவைக் கட்டிக்கொண்டு எழுபதாம் வருஷ வாக்கில் இங்கே வந்தாள். அவன் பஜார் ரோட்டில் கைவண்டி இழுத்தான். கிடங்கிலிருந்து படகுத்துறைக்கு மிளகு மூட்டை, சுக்கு மூட்டை. ஆள் அதிகம் வாய் திறக்காதவன். இரண்டு பேருக்கும் சேர்த்து இவள் பேசினாள். பிள்ளை தங்கவில்லை. ஒற்றை அறை லைன் வீடு, பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே விளக்கு ஆடும்.

அந்த லைனுக்கென்று ஒரு பதில் இருந்தது. வெளியாள் யார் வந்து எந்த ஆம்பிளையைத் தேடினாலும் "ஊருக்குப் போயிருக்கு" என்பார்கள். தவணைக்காரன் வந்தாலும் சங்கத்துக்காரன் வந்தாலும் போலீஸ் வந்தாலும் அதே பதில்தான். தேடப்படுகிறவன் உள்ளே பாய்க்குப் பின்னால் மூச்சடக்கி நிற்பான். அடுத்த வீட்டுக்காரன் தானாக வெளியே வந்து, காலையில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன் என்பான். மூன்றாம் வீட்டுக்காரன் அவன் எந்தச் சட்டை போட்டிருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வான். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு சொல்வதில்லை. சொந்த ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அங்கே இருந்த ஒரே பாதுகாப்பு அந்தப் பொய்தான். அதை அவர்கள் பொய் என்று நினைத்ததே இல்லை.

எழுபத்தாறில், நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது, ஒரு மிளகு வியாபாரியின் மூட்டை ஒன்று குறைந்தது. வண்டி இழுத்தவன் இசக்கிமுத்து. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மட்டும் என்ன கிழிந்துவிடப் போகிறது? அங்கே இருந்த எஸ்.ஐ. முகத்துக்குப் பவுடர் பூசாமல் வெளியே வரமாட்டார். லைனில் அவருக்குப் பவுடர் எஸ்.ஐ. என்று பெயர். பிடித்த மூன்றாம் நாளும் விடவில்லை. காணாமல் போன மூட்டை பிறகு அந்த வியாபாரியின் கிடங்கிலேயே, வேறு அடுக்கின் பின்னால் கிடைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கிடங்கில் கூட்டுகிற பெண்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாடத்தி தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோனாள். மூட்டை எங்கே என்று சொல்லாதவனுக்குச் சோறு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவளுடைய சத்தம் அவனுக்குக் கேட்டதோ என்னவோ, அவனுடைய சத்தம் இவளுக்குக் கேட்கவில்லை. கஞ்சியைத் தொட மனசில்லாமல் மூடி வைத்தாள். விடிந்ததும் அது புளித்துப்போக, பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது இரண்டு போலீஸ்காரர்கள் வந்து நின்றார்கள்.

"இசக்கி எவிடெ?" என்றார்கள்.

ராத்திரி ஒன்றுக்குப் போகவேண்டும் என்றானாம். பின்பக்கம் கூட்டிப்போன காவலரைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டானாம். இதைக் கேட்டதும் அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பற்றி மாடத்தி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அடி வயிற்றிலிருந்து குளிர்ந்துவிட்டதாம். அந்த ஊமைக்கொட்டானுக்கா இவ்வளவு தைரியம் என்று பெருமையாகக்கூட இருந்ததாம். போலீஸ் சொன்னதை அவள் வாழ்நாளில் நம்பியது அந்த ஒரு தடவைதான்.

அவன் பக்கத்திலேயே ஏதாவது கிடங்கு இடுக்கில் பதுங்கியிருப்பான், இவர்களை வெகுதூரம் அனுப்பிவிட்டால் பிழைத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தோன்றியது. வழக்கமான பதிலைச் சொன்னாள். ஆனால் வெறுமனே ஊருக்குப் போய்விட்டான் என்றால் வீட்டைக் குடைவார்கள் என்று கண்ணும் மூக்கும் வைத்துச் சொன்னாள்.

"வந்தாவ. விடியுமுன்ன வந்து கஞ்சியக் குடிச்சிட்டு, ஆலுவா போயி ரயில் ஏறுதேன்னு போயிட்டாவ."

ஊர் தெற்கே இருக்க வடக்கே ஆலுவாவைக் கைகாட்டியதில் அவளுக்குத் தன் சாமர்த்தியத்தைப் பற்றி அப்போது கர்வம் இருந்தது. போலீஸ்காரன் கழுவின சட்டியைப் பார்த்தான். தலையை ஆட்டினான். அதற்குள் லைன் தன் கடமையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இசக்கி போனதைப் பார்த்தேன் என்றான் வீரபாண்டி. பீடி பற்றவைக்க நான்தான் தீப்பெட்டி கொடுத்தேன் என்றான் பிச்சைமணி. இசக்கிமுத்து பீடி பிடிக்கிறவனே இல்லை. எல்லாவற்றையும் போலீஸ்காரர்கள் பொறுமையாக எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்கினார்கள். அன்றைக்கு அவ்வளவு மரியாதையாகப் பேசினார்களாம், ஒருத்தன் இவளை "சேச்சி" என்றுகூடக் கூப்பிட்டானாம். அவர்கள் வந்தது ஒரு ஆணி கிடைக்குமா என்று பார்க்கத்தான். இவர்கள் கதவையே கழற்றிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று கிடங்கில் அவள் சிரித்துக்கொண்டே சுக்குப் புடைத்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் படகுத்துறைத் தூணுக்கடியில் இசக்கிமுத்து மிதந்தான்.

முதுகெல்லாம் வரிவரியாகக் கன்றியிருந்தது. அலையில் தூணில் மோதிய காயம் என்றார் எஸ்.ஐ. அலை என்ன, லத்தி வைத்துக்கொண்டா மோதுகிறது? தப்பி ஓடியவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்பப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் விடியுமுன்பே காயல் தண்ணீரில் விழுந்துவிட்டான் என்று கதை தயாராக இருந்தது. தயார் பண்ணிக் கொடுத்ததே இவள்தான். அவள் மண்ணில் விழுந்து, அவிய வரவே இல்ல, நான் சொன்னது பொய்யி என்று அலறினாள். முந்தாநாள் கைநாட்டு வைத்தாயே என்று எஸ்.ஐ. அமைதியாகக் கேட்டார். பேப்பரில் ஒரு வரி வரவில்லை. அந்தக் காலத்தில் வராது.

மாடத்தி லைனில் வீடுவீடாகப் போனாள். பார்க்கவில்லை என்று சொல்லுங்கள், அது போதும் என்றாள். முன்பு ஒன்று சொல்லி இப்போது ஒன்று சொன்னால் எங்களையும் உள்ளே தள்ளுவான் என்றான் வீரபாண்டி. பிச்சைமணி அதைவிடக் கெட்டிக்காரன், யார் கண்டது, நிஜமாகவே வந்திருந்தாலும் வந்திருப்பான் என்றான். யார் கேட்டாலும் யோசிக்காமல் "போயிருக்கு" என்று சொன்ன ஜனங்கள், ஒரே ஒருத்தனுக்காக "போகவில்லை" என்று சொல்ல வாய் திறக்கவில்லை. அவர்களைத் திட்டலாம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் பவுடர் எஸ்.ஐ. அந்த வழியாக வாரத்துக்கு இரண்டு முறை நடந்து போய்க்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

இழவுக்கு ஊரிலிருந்து இசக்கியின் அம்மா பேச்சியம்மாள் வந்தாள். ஒரே மகன். மார்பில் அறைந்துகொண்டு அழுதவளைத் தேற்ற லைன் பெண்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தைதான். "வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி கையால கஞ்சி குடிச்சிட்டுத்தான் போனான். பசியோட போகலை ஆத்தா." கிழவி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். காரியம் முடிந்தும் ஊருக்குப் போகவில்லை, மகன் கடைசியாக உட்கார்ந்து குடித்த வீடு என்று மருமகளோடேயே தங்கிவிட்டாள். அவளும் சுக்குப் புடைக்கப் போனாள். போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமவ அந்த நேரத்துலயும் வயித்த நெறச்சு அனுப்புனா" என்று சொல்லிச்சொல்லி மாடத்தியின் கன்னத்தைத் தடவுவாள். மாமியார் மருமகள் அப்படி இருந்து அந்த லைன் பார்த்ததில்லை. ஊரெல்லாம் போய் அவன் வரவில்லை என்று கத்தின மாடத்தி, அந்த ஒற்றை அறைக்குள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிழவி காது மந்தம் என்பது வசதியாகப் போயிற்று.

எழுபத்தேழில் டில்லியில் ஆட்சி மாறியது. ஸ்டேஷனில் செத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பேப்பரில் வர ஆரம்பித்தன. அப்போதுதான் மாடத்தி படகேறி வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றாள். உள்ளே வராமலேயே நடந்ததைச் சொன்னாள். வெங்கிடேஸ்வரன் வக்கீல் நல்ல மனுஷர், பீஸ் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கிவரச் சொன்னார். அதைப் படித்த அன்று அவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். நுரையீரலில் தண்ணீர் என்று எழுதிப் பூசி மெழுகிய டாக்டர், இன்னொரு இடத்தில் மறந்துபோய் உண்மையை எழுதியிருந்தார். வயிறு காலி.

"கேட்டயா மாடத்தி, இதிலேதான் கேஸே நிக்கறது. அவன் வந்து கஞ்சி குடிச்சிருந்தா வயத்திலே இருந்திருக்கணும். இல்லே. அப்போ அவன் வரலே. வரலேன்னா ஸ்டேஷனை விட்டே போகலே."

சந்தோஷத்தில் அவருக்குக் குரல் ஏறிவிட்டது. மாடத்தி என்னைப் பார்த்தாள். வயிறு காலி என்று எழுதியிருக்கிறதா சாமி என்று மறுபடி கேட்டுக்கொண்டாள். இருக்கிறது என்றேன். அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரியைப் போட்டார்கள். எழுபத்தெட்டில், எர்ணாகுளத்தில் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் நடந்தது. மாடத்தி சொல்வதை மலையாளத்திலும் மலையாளத்தை அவளுக்குத் தமிழிலும் சொல்லவேண்டியது என் வேலை. கிழவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனால் போலீஸ் தரப்பு விவரமானவர்கள். பேச்சியம்மாளையே தங்கள் சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டார்கள். மகன் கஞ்சி குடித்தான் என்று அவளைவிடக் கண்ணீரோடு யார் சொல்லப்போகிறார்கள்?

கிழவியைத்தான் முதலில் ஏற்றினார்கள். மகன் வந்தான், குடித்தான், போனான் என்றாள். நீ பார்த்தாயா என்று எங்கள் வக்கீல் கேட்டார். மருமகள் பொய் சொல்லமாட்டாள் என்றாள். அதிகாரி அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, முன்வரிசையிலேயே உட்காரவைத்தார்.

அடுத்தது மாடத்தி. போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்து, கைநாட்டைக் காட்டி, அன்றைக்குச் சொன்னது பொய்யா இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று கேட்டார். கேள்வியை நான் தமிழில் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"அன்னைக்கு அவிய உசுரோட இருக்காவன்னு நெனச்சுப் பொய் சொன்னேன். இன்னைக்குப் பொய் சொல்லி நான் யாரைக் காப்பாத்தப் போறேன்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வக்கீல் அந்தச் சூட்டோடு எழுந்து, கஞ்சியை என்ன செய்தாய் என்று கேட்டார். சத்தமாகச் சொல்லச் சொன்னார். மாடத்தி அதிகாரியைப் பார்க்கவில்லை, முன்வரிசையைப் பார்த்தாள். கிழவிக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

"ஆட்டுக்கு ஊத்துனேன் அத்தை. அவிய வரல. ஒண்ணுமே குடிக்கல. வெறும் வயித்தோடதான் செத்தாவ."

பேச்சியம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து, திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். திரும்பி வரும் படகில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். கிழவிக்கு இருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிக் கொடுத்துத்தான் நியாயம் வாங்கவேண்டியிருக்கிறது, நியாயமாவது கிடைக்கட்டும் என்று மாடத்தி நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது எனக்கு அறிக்கைகளின் குணம் தெரியாது.

அறிக்கை அடுத்த வருஷம் வந்தது. அந்த லைன் வீட்டில் உட்கார்ந்து நான்தான் அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். கேட்கவேண்டும் என்று பேச்சியம்மாள்தான் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். இசக்கிமுத்து தப்பி வீட்டுக்கு வந்தது உண்மை, மனைவி முதலில் சொன்னதும் அண்டை வீட்டார் சொன்னதும் ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார் அதிகாரி. பிறகு அவள் மறுத்தது பிறர் தூண்டுதலால். சரி, வயிறு காலியாக இருந்ததே? அதற்கும் பதில் இருந்தது. வந்தவனுக்கு அவள் உணவு கொடுக்கவில்லை. போலீஸுக்குப் பயந்து அவனை உடனே வெளியேற்றியிருக்கவேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கஞ்சி கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறாள். இதில் மனைவி என்ற முறையில் அவளைக் குறைசொல்வதற்கில்லை என்று பெருந்தன்மையாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

மிச்சத்தையும் படித்தேன். கைதியைத் தப்பவிட்ட குற்றத்துக்காகக் காவல் நின்ற போலீஸ்காரனுக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தம். ஓடாதவனை ஓடவிட்டதற்குத் தண்டனை. பவுடர் எஸ்.ஐ.க்கு ஒன்றுமில்லை, அவர் ஏற்கனவே சர்க்கிள் இன்ஸ்பெக்டராகி ஆலுவா பக்கம் போய்விட்டார்.

படித்து முடித்ததும் கிழவி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பம் எம்மவன் வந்திருக்கான், அப்படித்தானே சாமி?" அப்படி எழுதியிருக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல என்று எவ்வளவோ சொன்னேன். மாடத்தி அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கிழவி காலை இழுத்துக்கொண்டாள். மகன் ஸ்டேஷனில் அடிபட்டு, யாரும் கிட்டே இல்லாமல் செத்தான் என்று நம்புவதா, வாசல்வரை வந்தான் என்று நம்புவதா? பெற்றவள் எதை நம்புவாள்? அவன் வந்திருக்கவேண்டும் என்றால் மருமகள் அவனைத் துரத்தியிருக்கவேண்டும். கிழவி அந்த வாரமே ஊருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "ஒரு வாய் ஊத்தி அனுப்பியிருக்கலாமே ஏளா" என்று மட்டும் சொன்னாளாம்.

மேல்முறையீடு, மனு என்று வக்கீல் இரண்டு மூன்று வருஷம் போராடினார். அவர் போனபின் எடுத்துப்போட ஆளில்லை. மாடத்தி கிடங்கிலேயே இருந்தாள். சண்டை போடுவதை விட்டுவிட்டாள். மேஸ்திரி என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டாள்.

எண்பத்தைந்தில் பேச்சியம்மாள் செத்துப்போன தந்தி வந்தது. மாடத்தி ஊருக்குப் போய்விட்டு வந்த மறுநாள் அவளைப் படகுத்துறையில் பார்த்தேன். நடந்ததை அவள்தான் சொன்னாள். எல்லாரும் வரிசையாக வாய்க்கரிசி போட்டிருக்கிறார்கள். இவளும் கைநிறைய அரிசி அள்ளிக்கொண்டு கிட்டே போயிருக்கிறாள். நாத்தனார் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"பசியோட வந்தவனுக்கு ஊத்தாத கையி. எங்கம்மைக்கு வேண்டாம். சர்க்காரே எழுதியிருக்கு."

கூட்டத்தில் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லையாம். அவிய வரல என்று சொல்ல வாய்வரை வந்தது, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றாள். அரிசியைக் கீழே போட மனசில்லாமல் முந்தியில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அந்த அரிசியை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"செங்கோட்டை தாண்டுனதும் பசிச்சுது சாமி. தின்னுட்டேன்."